இந்திராயணி நொய்

கட்டாரி அன்றைக்குப் புனே விஷ்ராந்த்வாடியில் பருப்புக் குழம்பு கொதித்த வீடு லூர்துசாமி வீடு ஒன்றாகத்தான் இருக்கும். மறுநாள் ஷ்ராவண் பிறக்கிறது. பிறந்துவிட்டால் மராட்டிக்காரர்கள் ஒரு மாதத்துக்குக் கறியைத் தொடமாட்டார்கள். அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்து முதல் நாளே தின்று தீர்ப்பதுதான் கட்டாரி. அது ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம். விடிந்ததிலிருந்து இர்பானின் கோழிக்கடை முன்னால் குடையும் பையுமாக வரிசை ஆளந்தி ரோடு வரைக்கும் நின்றது. தமிழ்ப் பூசை முடிந்து திரும்பிய லூர்துசாமியின் மனைவி பவுன் அந்த வரிசையைப் பார்த்தாள். பலகையில் இர்பான் அழித்து அழித்து ஏற்றியிருந்த விலையையும் பார்த்தாள். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள்.

ஒட்டி ஒட்டி வரிசை வீடுகளாக இருந்த அந்தச் சாளி முழுக்க மட்டன் வாசனை. மழை வேறு விடாமல் தூறிக்கொண்டிருந்ததால் வாசனை மேலே ஏறாமல் தகரக் கூரைகளுக்கு அடியிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதில் முதலில் விழுந்தவர் ஆரோக்கியசாமி.

ஆரோக்கியசாமி லூர்துசாமிக்கு அண்ணன். போளூர்ப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் ரயில் ஏறி வந்தவர். கடகியில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாக இருந்து, முட்டி தேய்ந்து, மனைவியையும் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, இப்போது தம்பி வீட்டு முன்னறைக் கட்டிலில் இருக்கிறார். தம்பியை ஊரிலிருந்து கூட்டி வந்ததும் அவர்தான், வேலையில் சேர்த்ததும் அவர்தான், பவுனைப் பெண் பார்த்ததும் அவர்தான். அதனால் அவர் பேசும்போது லூர்துசாமிக்கு வாய் இருக்காது. நல்ல மனிதர். ஆனால் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஜட்ஜ்.

“இன்னாம்மா பவுனு, ஊரே கறி துன்னுது. நம்ம வூட்ல பருப்பா?”

“ஊரு துன்ற அன்னிக்கு நாமும் துன்னா ஊரு சொல்ற வெலதான் குடுக்கணும் மாமா. அடுத்த ஞாயித்துக்கெழம துன்னலாம்.”

“அடுத்த ஞாயித்துக்கெழம மட்டும் எங்கர்ந்து வரும்? பாதி ஷிப்டுல பாதி சம்பளம். பாதி சம்பளத்துல கால் வயிறு.”

அதில் பொய் இல்லை. ரஞ்சன்காவில் லூர்துசாமி பிட்டராக இருக்கும் கம்பெனியில் ஆர்டர் குறைந்து பாதி ஷிப்டு ஓடுகிறது. தீபாவளிக்கு அப்புறம் முழு ஷிப்டு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் வாடகையும் மகள் ஜெனிபரின் நர்சிங் காலேஜ் பீசும் போனால் அடுப்புக்கு மிஞ்சுவது வாரத்துக்கு ஆயிரத்து இருநூறு. வாய் நாலு.

“நான் ஒரு காண்டிராக்டர்கிட்ட பேசிட்டேன்” என்றார் ஆரோக்கியசாமி. “ரஞ்சன்காவ்லயே பேக்கிங் வேல. குந்திகினு டப்பா ஒட்டணும், அவ்ளோதான். அடுத்த திங்கக்கெழம ஜெனிபர் போய் நிக்கட்டும். தீவாளி வரைக்கும்.”

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த ஜெனிபர் வாசற்படிக்கு வந்துவிட்டாள். “பெரியப்பா, அட்டெண்டன்ஸ் கம் ஆச்சுன்னா எக்ஸாம் எழுத உடமாட்டாங்க. பூரா வருஷமும் வாயா, வேஸ்ட்டா போய்டும்!”

“வருஷம் போனா வரும். வயிறு?”

லூர்துசாமி சுவரில் இருந்த மாதா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பவுன் அவனைப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மாமா, ஒரு வாரம் குடுங்க. வர ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும். மூணு வேளையும் இந்த வூட்ல அடுப்பு எரியும். யாருகிட்டயும் கை நீட்டமாட்டேன். ஒரு வாரம் ஓட்டத் தெரிஞ்சவளுக்கு தீவாளி வரைக்கும் ஓட்டத் தெரியாதா? அப்பறம் நீங்களே முடிவு சொல்லுங்க.”

“ஞாயித்துக்கெழம தட்டுல கறி இருக்கணும்” என்றார் ஆரோக்கியசாமி.

“இருக்கும்.”

“கஞ்சி கிஞ்சின்னு ஊத்தி ஏமாத்தக் கூடாது.”

“துன்னுட்டு நீங்களே சொல்லுங்க மாமா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சரி என்றார். ஆனால் காண்டிராக்டருக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஆள் போன் பண்ணுவான், அப்போது ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தானே லூர்துசாமி, அவனுக்கு உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது. பெண்டாட்டி தனியாக நின்று பேசியிருக்கிறாள். தானும் ஒரு கை கொடுக்கவேண்டும் என்று நினைத்தான். ஏடிஎம்முக்குப் போய்விட்டு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போனவன், சாயங்காலம் நனைந்த கோழியாகத் திரும்பி வந்தான். குடை கக்கத்தில் இருந்தது, தோளில் ஒரு மூட்டை.

“பவுனு, இங்க வா! இந்திராயணி! சௌக்ல டெம்போ போட்டு வித்துகினு இருந்தான். பாதி வெல. மூட்டையா எடுத்தா தொள்ளாயிரந்தான்னான். வாசனைய பாரு!”

வாசனை என்னவோ அசல்தான். மழை ஈரத்திலும் மூட்டையிலிருந்து பூப்போல வந்தது. இந்திராயணி என்றால் மராட்டிக்காரர் வீட்டில் விருந்து அரிசி. பவுன் மூட்டையின் தையலைப் பிரித்து ஒரு கை அள்ளி முறத்தில் போட்டாள். விரலால் பரப்பினாள். முழு அரிசி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் நொய்.

இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் சோறு தின்கிறவன்தான் லூர்துசாமி. ஆனால் தட்டில் விழுந்ததற்கு அப்புறம்தான் அவனுக்கு அரிசியோடு பழக்கம். இந்திராயணி முழுசாக இருந்தாலே குழைந்து ஒட்டிக்கொள்ளும்; அவர்கள் நெய்யும் வரண் என்கிற பருப்பும் ஊற்றித் தின்பதற்கு அது சரி. நம் ரசத்துக்கும் குழம்புக்கும் உதிர உதிர வேண்டும். அதனால் இங்கே இருக்கிற தமிழ்ப் பெண்கள் யாரும் இந்திராயணிப் பக்கம் போகமாட்டார்கள். அதிலும் நொய்யை மூட்டையாக வாங்கி வந்த முதல் ஆள் இவனாகத்தான் இருப்பான்.

“மூட்ட வாயத் தொறந்து பாத்தீங்களா?”

“மோந்து பாத்தேன்” என்றான் லூர்துசாமி. அவன் குரல் இறங்கிவிட்டது.

பவுனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாரக் காசில் முந்நூறு பாக்கி. கட்டிலில் சாய்ந்திருந்த ஆரோக்கியசாமி ஒரு கண்ணைத் திறந்து முறத்தைப் பார்த்தார். இப்போது அழுதால் அந்த நிமிஷமே ஜெனிபர் டப்பா ஒட்டப் போகவேண்டியதுதான். பவுன் அழவில்லை. நொய்யைத் திரும்ப மூட்டையில் கொட்டிக் கட்டினாள்.

“நல்ல அரிசி” என்றாள் சத்தமாக. “ஜெனிபர், பை எடு. சந்தைக்குப் போலாம்.”

ஆட்டவடே பஜார் ஞாயிறுக்கு ஞாயிறு கூடுவது. மற்றப் பெண்கள் என்ன சமைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு காலையிலேயே போய் வாங்கிவிடுவார்கள். பவுனின் வழக்கம் வேறு. சந்தை கலைகிற நேரத்துக்குத்தான் போவாள். போனதும் ஒன்றும் வாங்கமாட்டாள். நீலப் பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே, சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு நடை நடந்து யாரிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பாள். திரும்பி வரும்போதுதான் வாரத்துக்கு என்ன சமையல் என்பது அவளுக்கே தெரியும். அவள் சொல்வதைச் சந்தை கேட்காது, சந்தை சொல்வதை அவள் கேட்டுக்கொள்வாள். வாரா வாரம் அவள் வீட்டுக் கணக்கு இடிக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

அன்றைக்கு மழைக்குப் பயந்து சந்தை சீக்கிரமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. காய்களெல்லாம் கூறு கட்டி, வாட்டா வாட்டாகக் குவிந்து கிடந்தன.

“கே மாவ்ஷி, தஹாலா தோன்!” என்று ஒரு கிழவர் அம்பாடிக் கீரையைக் காட்டினார். பத்து ரூபாய்க்கு இரண்டு வாட்டா. நம் புளிச்ச கீரைதான். பவுன் நின்று, இரண்டையும் எடுத்து, மூன்றாவதையும் பையில் போட்டுக்கொண்டு பத்து ரூபாயை நீட்டினாள். கிழவர் கையை உதறினார், மழையைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். அடுத்து கோணலாக வளைந்த ஒரு சுரைக்காய். பழுத்துத் தொட்டால் கிழிகிற தக்காளி. ஒரு சேர் கொள்ளு. கருவாட்டுக்காரியிடம் கூம்பு கட்டின பேப்பரில் ஜவளா, பொடிப்பொடிக் கூனிக் கருவாடு.

சந்தையின் கடைசியில், ஜுன்னர்ப் பக்கத்துக்காரி ஒருத்தி சாக்கு விரித்து நாச்சணி வைத்திருந்தாள். கருத்துச் சிவந்த கேழ்வரகு. பவுன் குனிந்து ஒரு கை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

“அம்மா!” ஜெனிபர் அவள் முழங்கையைப் பிடித்தாள். “நாச்சணி நக்கோ, வேணாம். பெரியப்பா பார்த்தா சாளியே கேக்கற மாதிரி கத்துவாரு.”

“கத்தட்டும். ஞாயித்துக்கெழமதான கத்துவாரு.”

ஒரே குடைக்குள் இரண்டு பேரும் பாதி பாதி நனைந்துகொண்டு திரும்பினார்கள். வழியில்தான் பவுன் வாரத்தைப் பிரித்துச் சொன்னாள்.

“அழுகிப் போறது மொதல்ல. கீர நாளைக்கும் நாளனைக்கும். தக்காளி அதுக்குள்ள தொக்கா பூடும். சொரக்கா புதங்கெழம வரைக்கும் தாங்கும். கொள்ளும் ஜவளாவும் எங்கயும் ஓடிப் போவாது, அது வாரக் கடைசிக்கு. நொய்யி இட்லிக்கு ஆவும், கொழக்கட்டைக்கு ஆவும். நூத்து இருவது ரூவா கைல வெச்சிருக்கேன். அது ஞாயித்துக்கெழம கோழிக்கு.”

“நூத்து இருவதுக்கு கோழியா? இன்னிக்கு ரேட் பார்த்தியா?”

“இன்னிக்கு கட்டாரி. அடுத்த ஞாயித்துக்கெழம ஷ்ராவண். இர்பானு கடைல ஈ ஓட்டிகினு இருப்பான். நம்மள பார்த்து பாட்டு பாடுவான் பாரு.”

“அப்போ நாச்சணி?”

“அதுவும் ஞாயித்துக்கெழமதான்.” பவுன் குரலைத் தாழ்த்தினாள். “எங்க அம்மா வூட்ல களி கிண்டறதுன்னா மொதல்ல நொய்யிதான் ஒலைல போடுவாங்க. நொய்யி கொழையக் கொழையத்தான் களி வழவழன்னு வரும். உங்க அப்பா ஒரு மூட்ட கொண்டாந்து போட்டிருக்காரு. கொழையறதுலயே இந்திராயணிதான் ராஜா.”

“பெரியப்பா சாப்பிடணுமேம்மா.”

“வாரம் பூரா கறி இல்லாம இருந்துட்டு ஞாயித்துக்கெழம கோழிக் கொழம்பு வாசனை வரட்டும். அப்பறம் பேசிக்கலாம்.”

விஷயம் என்னவென்றால், அந்த வீட்டில் களி என்ற சொல்லுக்கே இடமில்லை. ஆரோக்கியசாமி சின்ன வயதில் மூன்று வேளையும் களி தின்று வளர்ந்தவர். புனேயில் தினமும் அரிசிச் சோறு கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ரயில் ஏறினார். “களிக்கு பயந்து ஊர விட்டவன் நான்” என்று பெருமையாகவே சொல்லுவார். லூர்துசாமி கல்யாணம் ஆன புதிதில் பவுன் ஒருநாள் களி கிண்டப்போய், அவர் தட்டை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் பட்டினியாக வேலைக்குப் போனதை அவள் மறக்கவில்லை.

திங்கள்கிழமை பிரச்சினை இல்லை. புளிச்ச கீரைக் கடையலுக்கு நொய்ச் சோறு குழைந்திருந்தால் என்ன, இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துகொண்டன. செவ்வாய்க்கிழமை ஆரோக்கியசாமி ரசம் கேட்டார். வேண்டாம் மாமா என்று பவுன் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்ததும் சோறு கூழாகி விரலிடுக்கில் ஏறியது. கையைத் தூக்கிப் பார்த்தார்.

“எலக்சன் நேரமா இருந்தா நல்ல காசு” என்றார். “இத்த எடுத்துகினு போயி செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்.”

லூர்துசாமி தலையைத் தூக்கவில்லை. அன்று ராத்திரி அவன் மூன்று முறை சோறு போட்டுத் தின்றான். தானே தின்று மூட்டையைக் காலி பண்ணிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ.

புதன்கிழமை இட்லி. நொய்யை ஊறவைத்து உளுந்தோடு ஆட்டியதில் மாவு பொங்கி, இட்லி ஆவி பறக்கத் துணியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. தக்காளித் தொக்கோடு ஆரோக்கியசாமி குறை சொல்லாமல் தின்றார். அவர் குறை சொல்லாதது அந்த வீட்டில் பாராட்டு. மறுநாள் லூர்துசாமியின் டப்பாவில் காரக் கொழுக்கட்டை போனது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு மராட்டிக்காரன் ஒன்று எடுத்து, இன்னொன்று எடுத்து, மூன்றாவதுக்குக் கை நீட்டினபோது டப்பாவை மூடவேண்டியதாகிவிட்டது என்று சாயங்காலம் வந்து சொன்னான். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. சுடச்சுட நொய்க் கஞ்சி, கொள்ளு ரசம், வறுத்து இடித்த ஜவளாத் துவையல். கஞ்சி ஊற்றக்கூடாது என்று சொன்னவர்தான், கிண்ணத்தை நீட்டி இரண்டாவது தரம் வாங்கிக் குடித்துவிட்டு, “மழைக்கோசரம் குடிச்சேன்” என்றார்.

பவுனின் நடை துள்ளியது. ஜெனிபர் தினமும் காலேஜிலிருந்து வந்ததும் மூட்டையைத் தட்டிப் பார்ப்பாள், மளிகை டப்பாக்களைத் திறந்து பார்ப்பாள், அம்மாவைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் கவிழ்ந்தது. பவுன் நாச்சணியை மாவு அரைக்கிற கிர்ணிக்குக் கொண்டுபோய் அரைத்துக்கொண்டு வந்தாள். மாவு சூடாக இருந்ததால் டப்பாவை மூடாமல் ஆறவைத்திருந்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த ஆரோக்கியசாமி டப்பாவைப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டு மோந்தார்.

“கேவுரா?”

பவுன் டப்பாவை மூடப் போனாள்.

“இந்த வூட்ல களியா? நான் உயிரோட கீற வூட்ல?” அவர் குரல் சாளியின் அந்தக் கோடி வரைக்கும் போனது. “சோத்துக்கு இல்லைன்னுதான அர்த்தம்? போதும்மா பவுனு. உன் சாமர்த்தியமெல்லாம் பாத்தாச்சி. நாளைக்கு அந்த ஆளு போன் பண்ணட்டும், பொண்ணு வர்றான்னு சொல்லிடறேன்.”

ஜெனிபர் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டாள். அவள் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்ததும் பவுன் அவள் பக்கம் போனாள். அப்போதுதான் முன்னறையிலிருந்து லூர்துசாமி எழுந்து வந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணன் முன்னால் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை.

“அண்ணா, மூட்டைய தூக்கினு வந்தவன் நான். தப்பு என்து. அத்த வெச்சிகினு ஆறு நாளு அவ ஓட்டிட்டா. ஏழாவது நாளு இன்னும் வர்ல. பேசினது ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும்.”

“களி போட்டா அது சோறா?”

“நீ சோத்துக்கோசரம் இஸ்கூல விட்ட. எனக்கும் சேத்துத்தான் விட்ட, நான் மறக்கல. ஆனா அதே சோத்துக்கோசரம் எம் பொண்ணும் காலேஜ விடணுமா? அப்ப நீ ரயிலு ஏறினதுக்கு இன்னாண்ணா பிரயோசனம்?”

ஆரோக்கியசாமி தம்பியை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தண்ணீர் குடிக்காமலேயே கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பவுன் நேராக இர்பான் கடைக்குப் போனாள். சொன்னபடியே கடை வாசலில் ஒரு நாய்கூட இல்லை. ஆம்பூர்க்காரன் இர்பான் கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“வாங்கக்கா, வாங்க! காலைலேந்து நீங்கதான் போணி. இன்னா வேணும் சொல்லுங்க, முழுசா தர்றேன்.”

“அரைக் கிலோ போடு. கழுத்தும் காலும் ஈரலும் சேத்துப் போடு. எல்லாம் நூத்து இருவதுக்குள்ள நிக்கணும்.”

“அக்கா, கால் கேக்க ஆளே இல்ல, அள்ளினு போங்க. போன ஞாயித்துக்கெழம வந்திருந்தீங்கன்னா இந்தக் காசுக்கு எறக்கைதான் குடுத்திருப்பேன்.”

“அதான் போன ஞாயித்துக்கெழம வர்ல” என்றாள் பவுன்.

வீட்டுக்கு வந்ததும் மிளகு, மல்லி, காய்ந்த மிளகாய், ஒரு சில்லு கொப்பரை எல்லாம் வறுத்து அரைத்தாள். குழம்பு கொதிக்க ஆரம்பித்ததும் வாசனை முன்னறைக்குப் போயிற்று, அங்கிருந்து சாளிக்கும் போயிற்று. ஷ்ராவண் அனுசரிக்கிற பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. இன்னொரு அடுப்பில் நொய் உலையில் வெந்து குழைந்து, குமிழி விட்டுத் தளதளத்தது. பவுன் கேழ்வரகு மாவை மேலே மலையாகக் கொட்டினாள். கிளறாமல், நடுவில் ஒரு குழி மட்டும் போட்டு மூடிவைத்தாள். மாவு வெந்த மணம் வந்ததும் சட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். களிக்கோலுக்கு இந்த ஊரில் எங்கே போவது? சப்பாத்தி தேய்க்கிற பேலனை எடுத்துக்கொண்டாள். லூர்துசாமி இரண்டு கையிலும் பழந்துணி சுற்றிக்கொண்டு சட்டியை அமுக்கிப் பிடித்தான்.

“ஆட உடாதீங்க.”

“ஆடாது. மிஷினையே புடிக்கிறவன் நான்.”

பவுன் இரண்டு கையாலும் பேலனைப் பிடித்துக் கிண்டினாள். தோளில் இருந்து இடுப்பு வரைக்கும் வேர்த்தது. வெள்ளை நொய்யும் சிவப்பு மாவும் வரி வரியாகச் சுழன்று ஒரே நிறமாயின. ஒரு கட்டிகூட விழவில்லை. இந்திராயணியின் பசை மாவை இழுத்துப் பிடித்துக்கொண்டது. சட்டியை விட்டுத் தானாகவே திரண்டு வந்தது களி. நனைத்த கிண்ணத்தில் போட்டுச் சுழற்றியதும் பளபளவென்று உருண்டை. பவுன் இதுவரைக்கும் கிண்டின களியில் இப்படி ஒன்று வந்ததில்லை.

ஆரோக்கியசாமிக்கு நொய்ச் சோற்றைத் தனியாக வடித்திருந்தாள். தட்டில் அதை வைத்துக் குழம்பு ஊற்றினாள். லூர்துசாமிக்கும் ஜெனிபருக்கும் களி. ஜெனிபருக்கு அதை எப்படித் தின்பது என்றே தெரியவில்லை. சப்பாத்தியைப் போல் பிய்த்து மென்று பார்த்தாள்.

“மெல்லக் கூடாது” என்றான் லூர்துசாமி. “கிள்ளு, கொழம்புல பொரட்டு, அப்டியே முழுங்கு.” செய்தும் காட்டினான். உருண்டையில் குழி பண்ணி, குழம்பை நிரப்பி, ஓரத்திலிருந்து கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளினான். கண்ணை மூடிக்கொண்டான். ஜெனிபரும் ஒரு வாய் முழுங்கிவிட்டு, “அய்யோ, மஸ்த்!” என்றாள்.

ஆரோக்கியசாமி தன் தட்டைப் பிசைந்தார். குழம்பு அருமை. சோறு செவ்வாய்க்கிழமைச் சோறுதான், பசை. இரண்டு வாய் தின்றார். தம்பி தட்டைப் பார்த்தார். கோழிக் காலை உறிஞ்சினார். மறுபடியும் தம்பி தட்டைப் பார்த்தார். பவுன் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

“ஏம்மா” என்றார் கடைசியில், எங்கோ பார்த்துக்கொண்டு. “அதுல ஒண்ணு வெய்யி. சும்மா பாக்கலாம்.”

வைத்தாள். அவர் குழி பண்ணவில்லை, கிள்ளவில்லை, சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் விரல்கள் தாமாகவே கிள்ளி, புரட்டி, வாய்க்குக் கொண்டுபோயின. அந்த விரல்கள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. ஒரு உருண்டை முழுசாகப் போகிற வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது, குழம்பின் காரமும் இருக்கலாம்.

“அன்னிக்கு நம்ம வூட்ல கொழம்பே இருக்காது லூர்து” என்றார். “உனக்குத் தெரியாது, நீ சின்னப் பையன். உப்பும் களியும்தான். கொழம்பு இல்லாத கோவத்த இத்தினி வருசம் களி மேல காட்டிகினு இருந்திருக்கேன்.”

அப்போது போன் அடித்தது. கட்டில் மேல் கிடந்த அவருடைய போன். அவர் கை மணிக்கட்டு வரைக்கும் களியும் குழம்பும். “ஜெனிபர், ஸ்பீக்கர்ல போடு” என்றார். ஜெனிபர் எழுந்து போய்ப் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

காண்டிராக்டரின் குரல் மராட்டியில் கேட்டது. நாளைக் காலையில் வண்டி வரும், உங்கள் பெண்ணை சௌக்கில் வந்து நிற்கச் சொல்லிவிடுங்கள், ஆதார் நகல் மறக்கவேண்டாம்.

“நாஹி யேணார்!” என்றார் ஆரோக்கியசாமி. வரமாட்டாள். அவளுக்குக் காலேஜ் இருக்கிறது.

வீட்டில் கஷ்டம் என்று நீங்கள்தானே கேட்டீர்கள் என்றான் அவன்.

“எவன் சொன்னான் கஷ்டம்னு?” கோபத்தில் தமிழ் வந்துவிட்டது. சுதாரித்துக்கொண்டு மராட்டிக்குத் திரும்பி, சாளியே கேட்கக் கத்தினார். “வீட்டில் கோழி வெந்திருக்கிறது! சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணாதே! மீ ஜேவ்தோய்!”

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தையோடு ஜெனிபர் போனை அணைத்தாள். அணைத்த கையோடு பெரியப்பா கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அவர் எச்சில் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “உடு, உடு, கொழம்பு சிந்திடும்” என்று சிணுங்கினார். லூர்துசாமி பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் பார்வையில் என்ன இருந்ததென்று எழுத வேண்டியதில்லை, பவுனுக்குத் தெரிந்தது.

“இன்னொரு உருண்டை யாருக்கு?” என்று கேட்டாள் அவள்.

மூன்று தட்டும் ஒரே நேரத்தில் நீண்டன.

“இருங்க, இருங்க” என்றாள் பவுன். சட்டியில் இருந்ததிலேயே பெரிய உருண்டையாக ஒன்றைத் திரட்டித் தன் தட்டில் போட்டு, ஈரலாகப் பார்த்து எடுத்து வைத்து, குழம்பை வழிய வழிய ஊற்றிக்கொண்டு, அவர்கள் மூவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “மொதல்ல நான்.”